ஓடாத காருக்கு ஒரு வரிக்கொள்கை

எங்கள் வீட்டுக் கார் வெள்ளிக்கிழமைகளில் குளிக்கும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் தெருப் பூனை குட்டி போடத் தன் வயிற்றடியில் இடம் கொடுக்கும். இவற்றுக்கு மேல் அதனிடம் நான் எதையும் எதிர்பார்ப்பதில்லை. கடலூரில் நான் போகவேண்டிய இடங்களெல்லாம் மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே அடங்கிவிடும். அங்கே காரில் போனால் நிறுத்த இடம் தேடிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். எனவே காய்கறிக்கு ஸ்கூட்டர், கோயிலுக்குக் கால்நடை, சென்னைக்கு பஸ். கார் என்பது உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்கு. அதுவும் ‘வண்டி இருந்துமா பஸ்ஸில் வந்தீர்கள்?’ என்று கேட்கக்கூடிய உறவினராக இருந்தால் மட்டும்.

இப்படிப்பட்ட ஒரு சாதுப் பிராணிக்கு நான் கட்டியிருக்கும் ஆயுட்கால வரி 1,04,000 ரூபாய்.

கார் விலை எட்டு லட்சம். அதில் 13 சதவீதம். 2023 நவம்பருக்கு முன்பு பத்து லட்சத்துக்கு உட்பட்ட காருக்கு 10 சதவீதம்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு பொருளை வாங்குவதற்கு முன் நான்கு பேரிடம் விசாரித்து, அந்த நான்கு பேரும் சொன்னதை ஐந்தாவது ஆளிடம் சரிபார்ப்பது எங்கள் குடும்ப வழக்கம். நான் விசாரித்து முடிப்பதற்குள் அரசாங்கம் வரியைத் திருத்தி முடித்துவிட்டது. ஐந்து லட்சம் வரை 12, பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் என்று புதிய பட்டியல். என் நிதானத்தின் விலை 24,000 ரூபாய்.

“ஷோரூம்காரன் கேட்டப்ப சிரிச்சுக்கிட்டேதானே குடுத்தீங்க?” என்பாள் மனைவி. ஆன்ரோடு விலை என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும்போது மனிதன் சிரிக்கத்தான் செய்வான். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும்போதுதான் தூக்கம் போகிறது.

அப்படித் தூக்கம் போன ஓர் இரவில்தான் இந்தக் கொள்கை பிறந்தது: வண்டிக்கு வரியே கூடாது. அந்த வரியை அப்படியே பெட்ரோலில் சேர்த்துவிட வேண்டும். ஓட்டுகிறவன் கட்டட்டும். போர்ட்டிகோவில் நிறுத்திவைத்து வெள்ளிக்கிழமை குளிப்பாட்டுகிறவனை விட்டுவிடட்டும்.

தணிக்கைப் பிரிவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த யோசனையையும் கோப்பாக்காமல் எனக்கு உண்டது செரிக்காது. மறுநாளே படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, என் கொள்கைக்கு நூறு வயது ஆகப்போகிறது என்று தெரிந்தது. 1927இல் வெள்ளைக்காரன் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் சாலைகளுக்காக ஒரு குழு போட்டான். சாலைக்கு வேண்டிய பணத்தைப் பெட்ரோலின் மேல் கூடுதல் வரி போட்டு எடுங்கள் என்று அந்தக் குழு சொன்னது. 1929இல் மத்திய சாலை நிதி தொடங்கி, கேலனுக்கு இரண்டணா வசூலித்தார்கள். அதைப் படித்ததும் ஜெயகர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்து என்னிடம் ஆலோசனை கேட்டுப் போனவர் போலத் தோன்றியது.

இங்கே சென்னை மாகாணத்தில் இன்னும் வேடிக்கை. அந்தக் காலத்தில் உள்ளாட்சிகள் ஆங்காங்கே சுங்கச்சாவடி போட்டு மோட்டார் வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தன. 1931ஆம் வருஷத்து மோட்டார் வாகன வரிச் சட்டம் அந்தச் சுங்கத்தை எடுத்துவிட்டு, பதிலாக வண்டி வரியைக் கொண்டுவந்தது. வரி கட்டினால் சாவடியில் நிற்க வேண்டாம் என்பதுதான் ஏற்பாடு. வரி அப்படியே இருக்கிறது. சாவடியும் ஃபாஸ்டாக் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. சாலை நிதிக்கான செஸ்ஸும் பெட்ரோல் விலைக்குள் பத்திரமாக இருக்கிறது. மூன்றும் கட்டுகிறோம். நான் உத்தியோகத்தில் இருந்தபோது ஒரே பயணத்துக்கு ஒருவர் மூன்று பயணப்படி கேட்டால் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறேன். இங்கே யாருக்குக் கொடுப்பது?

இங்கிலாந்தில் 1978இல் லேபர் கட்சி அரசாங்கமே இந்தக் கொள்கைக்கு வந்தது. வண்டி வரியைப் படிப்படியாக எடுத்துவிட்டுப் பெட்ரோல் வரியில் சேர்த்துவிடுவோம் என்று அறிவித்தார்கள். அடுத்த வருஷம் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, புதிய அரசு திட்டத்தைக் கைவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் இன்றும் இரண்டு வரியையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல யோசனை எனக்கு வந்தால் என்ன ஆகுமோ அதுதான் அவர்களுக்கும் ஆகியிருக்கிறது.

அடுப்படியில் நின்று இந்த வரலாற்றை நான் விளக்கியபோது மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “ஏங்க, பெட்ரோல்ல இப்பவே வரி இல்லையா?”

இருக்கிறது. மத்திய அரசின் கலால் வரியை 2025 ஏப்ரலில் இரண்டு ரூபாய் ஏற்றி லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு ஆக்கினார்கள். மாநிலத்தின் வாட் 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. 2021 ஆகஸ்டில் மூன்று ரூபாய் குறைத்த பிறகு வந்த கணக்கு இது. இன்னொரு சங்கடமும் உண்டு. அரசியல் சாசனப்படி வண்டிக்கு வரி போடுவது மாநிலத்தின் உரிமை. பெட்ரோலுக்குக் கலால் போடுவது மத்திய அரசின் உரிமை. என் கொள்கையை டெல்லி கையில் கொடுத்தால் கோட்டையில் கஜானா காலியாகும். ஆகவே வாட்டில்தான் ஏற்ற வேண்டும். “அப்போ இங்க இருக்கிற வரியை அங்க மாத்தறதுக்கா ராத்திரி பூரா லைட்டைப் போட்டு வச்சிருந்தீங்க?” என்று கேட்டுவிட்டுக் குக்கரைத் திறக்கப் போய்விட்டாள். மின்கட்டணத்தைப் பற்றிப் பேசும் தகுதி எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது. அதுவும் அன்றோடு போயிற்று.

கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 1,04,000 ரூபாயைப் பதினைந்து வருஷத்துக்குப் பங்கிட்டால் வருஷத்துக்கு 6,933. சாதாரணமாக ஓடுகிற கார் வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் போகட்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கட்டும். 667 லிட்டர் பெட்ரோல். வண்டி வரியை ஈடுகட்ட லிட்டருக்கு 10 ரூபாய் 40 காசு ஏற்றினால் போதும். என் காருக்குத் தாராள மனத்தோடு மூவாயிரம் கிலோமீட்டர் எழுதினேன். 200 லிட்டர். வரி 2,080 ரூபாய். ஆண்டுக்கு 4,853 ரூபாய் மிச்சம். பதினைந்து வருஷத்தில் எழுபத்திரண்டாயிரத்துச் சொச்சம். பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தேன். ‘சுபம்’ என்று அச்சடித்திருந்தது.

ஒரு கொள்கை பொதுநலமா சுயநலமா என்பதைச் சோதிக்க நல்ல வழி, அதை மாடி போர்ஷனில் குடியிருப்பவரிடம் சொல்லிப் பார்ப்பதுதான். எங்கள் மாடியில் இருக்கும் பையன் எம்.காம் படித்தவன். பிரியாணி முதல் பேதி மாத்திரை வரை பைக்கில் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வாடகை கொடுக்க வந்தவனை உட்காரவைத்துக் காபி கொடுத்து விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு செல்போனை எடுத்தான்.

“சார், என் பைக் தொண்ணூறாயிரம். லட்சத்துக்குள்ள இருந்தா 10 பர்சன்ட், அதனால ஒன்பதாயிரம் டாக்ஸ். பதினஞ்சு வருஷத்துக்குன்னா வருஷம் அறுநூறு.”

“பார்த்தாயா, அது மிச்சம்” என்றேன்.

“ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டறேன் சார். ரெண்டு லிட்டர். வருஷத்துல முந்நூறு நாள்னா அறுநூறு லிட்டர். நீங்க சொல்ற பத்தே நாப்பதைப் போட்டா 6,240 ரூபா வருது. இப்ப கட்டறதைவிடப் பத்து மடங்கு.”

காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல பையன்.

அவன் படியேறும் சத்தம் நிற்பதற்குள் மனைவி கூடத்துக்கு வந்துவிட்டாள். “நீங்க வருஷம் நாலாயிரத்து எண்ணூறு மிச்சம் பிடிக்க, அவன் ஐயாயிரத்து அறுநூறு கூடக் கட்டணுமா? நல்லாயிருக்கு நியாயம். பேசாம வாடகையிலேயே ஏத்திடுங்க, கவர்ன்மென்டை ஏன் நடுவுல இழுக்கறீங்க?”

இந்த இடத்தில் நான் ஒரு தந்திரம் செய்தேன். பேச்சை அவள் தம்பி பக்கம் திருப்பினேன். திருச்சியில் இருக்கிறான். இருபத்திரண்டு லட்சம் ரூபாய்க்கு ஒரு டீசல் வண்டி. நம் தெருவுக்குள் வந்தால் தெரு ஒதுங்கி நிற்க வேண்டும். மாதத்துக்குப் பாதி நாள் அவன் சாலையில்தான் இருப்பான். வருஷத்துக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுவான். “உன் தம்பி மாதிரி ஆட்களிடம்தான் இந்த வரி போய்ச் சேரும்” என்று சொல்லிக்கொண்டே கணக்குப் போட்டேன். 20 சதவீதம், 4,40,000 ரூபாய் கட்டியிருக்கிறான். வருஷத்துக்கு 29,333. என் திட்டத்தில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் வீதம் 2,500 லிட்டர், வரி 26,000. பேனா நின்றுவிட்டது. அவனுக்கும் லாபம்! இவ்வளவு புகை விடுகிறவனுக்கும் என் திட்டம் வருஷத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் அன்பளிப்புக் கொடுக்கிறது. வண்டி வரி விலைக்கேற்ப 12, 13, 18, 20 என்று படியேறுகிறது. பெட்ரோல் பங்க்கில் படிக்கட்டு கிடையாது. அங்கே எல்லோரும் ஒரே குழாய்க்கு முன்னால் ஒரே விலைக்கு நிற்க வேண்டியதுதான்.

இந்தக் கணக்கை மனைவியிடம் காட்டவில்லை. தணிக்கையில் இதை ‘மேலும் பரிசீலனைக்கு நிறுத்திவைக்கப்பட்டது’ என்று எழுதுவோம்.

இதற்கிடையில் என் கொள்கையின் அடிவாரத்திலேயே ஓர் ஓட்டை இருந்தது. அதன் பெயர் புதுச்சேரி. கடலூரிலிருந்து வடக்கே போனால் முள்ளோடையில் எல்லை. தாண்டியதும் இரண்டு வகைக் கடைகள் கண்ணில் படும். பெட்ரோல், மது ஆகிய இரண்டு திரவங்களும் இன்றுவரை ஜிஎஸ்டிக்குள் வராதவை. அந்தந்த அரசு தன் இஷ்டத்துக்கு வரி போட்டுக்கொள்ளலாம். புதுச்சேரி இரண்டிலும் நம்மைவிட இளகிய மனம் படைத்தது. கடலூர்க்காரன் ‘புதுச்சேரி போய் நிரப்பிக்கொண்டு வந்தேன்’ என்றால் எதை நிரப்பினான் என்று அவன் நடையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நான் நிரப்புவது பெட்ரோல் மட்டும்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஸ்கூட்டரில் ஐந்து லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு ஐந்து ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொண்டாலும் 25 ரூபாய் லாபம். போய்வர அரை லிட்டர் செலவு, அது ஐம்பது ரூபாய். வழியில் இளநீர், கடலைமிட்டாய் வேறு. ஆனாலும் நிரப்பிக்கொண்டு எல்லையைத் தாண்டி வரும்போது மனத்தில் ஒரு நிறைவு இருக்கும் பாருங்கள், அதற்கு விலை கிடையாது. இப்போதே இப்படி. என் கொள்கைப்படி தமிழ்நாட்டில் இன்னும் பத்து ரூபாய் நாற்பது காசு ஏறினால், மாவட்டமே கேன் எடுத்துக்கொண்டு முள்ளோடையில் நிற்கும்; முதல் ஆளாக நான் நிற்பேன். வண்டி வரியிலும் இந்தத் தப்பித்தல் உண்டு. சொகுசுக் கார்களைப் புதுச்சேரி விலாசத்தில் பதிவு செய்துவிட்டுக் கேரளத்தில் ஓட்டிய சினிமாக்காரர்கள் மீது 2017இல் வழக்கே வந்தது. ஆனால் அதற்கு ஒரு பொய் விலாசமாவது வேண்டும். பெட்ரோலுக்கு ஒரு கேன் போதும்.

கடலூர் முதுநகரில் மீன் வாங்கப் போன இடத்தில் அடுத்த சிக்கல். துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாக நிற்கின்றன. டீசல் குடிக்கின்றன, ஆனால் சாலையில் ஒரு கெஜம்கூட ஓடுவதில்லை. அவர்களிடம் சாலை வரி கேட்டால் மத்தியைக் கிலோ என்ன விலைக்குப் போடுவார்கள்? நல்லவேளை, மீன்பிடிப் படகுகளுக்கு அரசு விற்பனை வரி இல்லாமல் டீசல் கொடுக்கிறது. ஆனால் நெய்வேலிப் பக்கம் முந்திரித் தோப்பில் உழும் டிராக்டருக்கு? கல்யாண மண்டபத்து ஜெனரேட்டருக்கு? மாப்பிள்ளை அழைப்பின்போது கரண்ட் போனால், ஜெனரேட்டர் ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் பெண்ணைப் பெற்றவன் சாலை போட்டுக்கொண்டிருப்பான். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

சாலையை யார் உடைக்கிறார்கள் என்று பார்த்தால் கதை இன்னும் மோசம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் தனியாகச் சாலை போட்டு, அதன்மேல் லாரிகளை ஓட்டிக்கொண்டே இருந்து தேய்மானத்தை அளந்தார்கள். அச்சின் மேல் எடை இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு என்று தெரிந்தது. அதாவது எடையின் நான்காம் படி. என் காரின் ஓர் அச்சில் அரை டன். லோடு லாரியின் அச்சில் பத்து டன். இருபது மடங்கு. இருபதின் நான்காம் படி 1,60,000. கார் ஒரு முறை போனால் சாலைக்கு என்ன ஆகுமோ, அதைப்போல ஒரு லட்சத்து அறுபதாயிரம் மடங்கு சேதத்தை அந்த லாரி அச்சு செய்கிறது. ஆனால் லாரி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் போகிறது, என் கார் பதினைந்து. குடிப்பதில் நான்கு மடங்குதான் வித்தியாசம். எரிபொருள் வரி என்று வந்தால் லாரிக்கு ஏகப்பட்ட தள்ளுபடி. இப்போது சரக்கு லாரிகள் எடைக்கேற்பக் காலாண்டு வரி கட்டுகின்றன. அதில் அந்த அநியாயம் கொஞ்சமாவது குறைகிறது. என் கார் சாலையைத் தேய்ப்பதே இல்லை, போர்ட்டிகோ டைல்ஸைத்தான் தேய்க்கிறது என்று இந்த ஆராய்ச்சியை எனக்குச் சாதகமாகத் திருப்பப் பார்த்தேன். டைல்ஸ் விஷயத்தை மனைவி மறந்திருந்தாள். நானே ஞாபகப்படுத்தியதுதான் மிச்சம்.

மின்வண்டி இந்தச் சண்டையையே பாதியில் நிறுத்திவிடும் போலிருக்கிறது. தமிழ்நாட்டில் மின்வண்டிக்கு ஆயுட்கால வரியிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். பெட்ரோலும் போடுவதில்லை. அந்த வரியும் இல்லை, இந்த வரியும் இல்லை, சாலை மட்டும் உண்டு. நியூசிலாந்துக்காரர்கள் உஷாராக 2024 ஏப்ரலிலிருந்து மின்கார்களிடம் கிலோமீட்டர் கணக்கில் வாங்குகிறார்கள். டீசல் வண்டிகளிடம் அவர்கள் வெகுகாலமாகவே அப்படித்தான் வாங்குகிறார்கள். ஐஸ்லாந்தும் 2024இல் அதே வழிக்கு வந்தது. எனக்கும் அந்த முறை மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் என் ஸ்கூட்டரில் கிலோமீட்டர் முள் கேபிள் அறுந்து பல வருஷமாகிறது. அந்த மீட்டரின்படி நான் எங்கேயும் போனதே இல்லை.

ஆனாலும் எழுதிய கோப்பை மூட மனம் வரவில்லை. முதலமைச்சருக்கு ஒரு மனுவாக்கினேன். வண்டி வரியை நீக்கி எரிபொருள் வரியில் சேர்க்க வேண்டும் என்று கம்பீரமாகத் தொடங்கி, சிற்சில விலக்குகளைப் பணிவோடு சேர்த்தேன். இருசக்கர வாகனங்களுக்கு விலக்கு. மாடிப் பையன் காலி செய்துவிட்டால் அவனைப்போல் ஒன்றாம் தேதி வாடகை கொடுக்கும் ஆள் கிடைக்க மாட்டான். மீன்பிடிப் படகு, டிராக்டர், ஆட்டோவுக்கு விலக்கு. தக்காளி லாரிக்கு விலக்கு, ஏனென்றால் சாம்பாரில் எங்கள் வீட்டில் ஏற்கெனவே புளியின் ஆதிக்கம் அதிகம். அரசு பஸ்ஸுக்கு விலக்கு, நான் அதில்தான் போகிறேன். கல்யாண ஜெனரேட்டர்களுக்கு, என் பெண் கல்யாணம் முடியும்வரையாவது, விலக்கு. புதுச்சேரி எல்லையோரம் குடியிருப்பவர்களுக்கும் விலக்கு. எப்படியும் அவர்கள் இங்கே நிரப்பப்போவதில்லை என்பதால் அரசுக்கு இதில் இழப்பில்லை என்று குறிப்பெழுதினேன். இவ்வளவுக்குப் பிறகும் வருமானம் குறையாமலிருக்க, மிஞ்சியிருக்கும் பெரிய டீசல் கார்களிடம் லிட்டருக்கு என்ன கேட்டாலும் தகும்.

மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு மனுவை முழுக்கப் படித்தாள்.

“இதுல மிஞ்சினது என் தம்பி ஒருத்தன்தான்.”

“வசதி இருக்கிறவன் கட்டுவான்.”

“அவன் அந்த டீசல் வண்டியைத் தள்ளிவிடப் போறான். கரண்ட் காருக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சாம். காலைலதான் போன் பண்ணான். பழைய வண்டியை வெளியாளுக்கு ஏன் விக்கணும், மாமாவுக்கே விலை குறைச்சுத் தரேன், கேட்டுச் சொல்லுன்னான்.”

டேங்க்கை நிரப்பிக் கொடுப்பானா என்று கேட்கச் சொன்னேன்.